வெற்றி, தோல்வி, உபேக்கை
(இல்லறத்தார்க்குரிய தம்ம பாடம்)





சென்ற மாதத்து ஞாயிறு வகுப்பில் திரிசரணமும் பஞ்சசீலமும் ஓதி முடிந்தபின், கடைசி வரிசையில் அமர்ந்திருந்த இளைஞர் ஒருவர் எழுந்தார். பெங்களூரில் கணினி வேலை பார்ப்பவர்; நம் சபைக் குடும்பத்துப் பிள்ளை. அவர் கேட்டதாவது:

"ஐயா, நான் சனிக்கிழமை இரவுகளில் நண்பர்களோடு போக்கர் என்னும் சீட்டாட்டம் ஆடுகிறேன். எனக்குக் கணக்கு நன்றாக வரும், ஆட்டமும் வரும். ஆனால் வென்றால் அன்றிரவு தூக்கம் வருவதில்லை. தோற்றால் மூன்று நாள் வீட்டில் யாரோடும் முகங்கொடுத்துப் பேச முடிவதில்லை. பகவன் புத்தர் உபேக்கை என்னும் சமநிலையைப் போதித்தார் என்று நீங்கள் சொன்னீர்கள். அதைப் பயின்றால் இரண்டிலும் கலங்காமல் ஆடலாம் அல்லவா? அதை எனக்குக் கற்றுக்கொடுங்கள்."

சிலர் சிரித்தனர். எனக்குச் சிரிப்பு வரவில்லை. முப்பது ஆண்டுகளுக்கு முன் இக்கேள்வியைக் கேட்க எனக்கு ஓர் ஆசிரியர் கிடைத்திருந்தால் நானும் இவ்வாறே கேட்டிருப்பேன். அன்று நேரம் போதாமையால் இரண்டொரு வார்த்தை சொல்லி அமர்ந்தேன். அவ்விடையை இங்கே முழுமையாக எழுதுகிறேன்.

1. ஆட்டத்தின் இயல்பு

ஒரு நோய்க்கு மருந்து சொல்லுமுன் அந்நோயை அறிதல் வேண்டும். ஆகலின் ஆட்டத்தை முதலில் காண்போம்.

போக்கரில் பலவகை உண்டு. இப்போது மிகுதியாக ஆடப்படும் வகையில் 52 சீட்டுகளிலிருந்து ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டு மறைவாகக் கொடுக்கப்படும். பின்னர் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு நடுவில் திறந்து வைக்கப்படும். இடையிடையே நான்கு முறை பணம் கட்டுவார்கள். சேர்க்கையில் உயர்ந்ததை வைத்திருப்பவனோ, மற்றெல்லோரும் பின்வாங்கிய பின் எஞ்சியிருப்பவனோ பணம் முழுவதையும் எடுத்துக்கொள்வான்.

கையில் வரக்கூடிய சீட்டுகளிலே மிகச் சிறந்தது இரண்டு ஏஸ். அது சராசரியாக 221 முறைக்கு ஒரு முறையே வரும். அதற்கு எதிரே ஒருவன் இரண்டு ராஜாவை வைத்துக்கொண்டு இறுதிவரை நின்றால், ஏஸ் வைத்திருப்பவன் 100-க்கு ஏறத்தாழ 82 முறை வெல்வான். 18 முறை தோற்பான். அதாவது, ஒரு பிழையும் செய்யாதவன், கிடைக்கக்கூடியவற்றுள் சிறந்ததைக் கையில் வைத்திருப்பவன், ஐந்து முறைக்கு ஒரு முறை என்னும் அளவில் தோற்கிறான். அவனைத் தூங்கவிடாமல் செய்வது இந்த ஐந்தாம் முறையே. "நான் சரியாகத்தானே ஆடினேன்? இது அநியாயம்" என்று அவன் உள்ளம் கொதிக்கிறது. சீட்டுக்கு நியாயமும் தெரியாது, அநியாயமும் தெரியாது.

சீட்டுக்கு நினைவும் இல்லை. 1913-ஆம் ஆண்டு ஆகஸ்டு 18-ஆம் நாள் மான்டி கார்லோ என்னும் ஊரின் சூதாட்ட மண்டபத்தில், சுழலும் சக்கரத்தில் உருண்ட பந்து அடுத்தடுத்து 26 முறை கறுப்பிலேயே விழுந்தது. "இத்தனை முறை கறுப்பு வந்துவிட்டதே, இனிச் சிவப்புத்தான் வரவேண்டும்" என்று எண்ணிச் சிவப்பின்மீது பணம் கட்டியவர்கள் மேன்மேலும் இழந்தார்கள். முன்பு விழுந்தது எது என்பதைப் பந்து அறியாது. கலைத்து அடுக்கிய சீட்டுக்கட்டும் அப்படியே. "இவ்வளவு தோற்றுவிட்டேன், இனி எனக்கு வரவேண்டிய முறை" என்பது தோற்றவன் உள்ளத்தில் மட்டுமே எழுதப்பட்ட கணக்கு.

இன்னொன்றும் உண்டு. ஆறு பேர் ஆளுக்கு 1,000 ரூபாயோடு மேசையில் அமர்ந்தால் அங்கே இருப்பது 6,000 ரூபாய். விடியும்வரை ஆடினாலும் அது 6,001 ஆவதில்லை. இடம் கொடுப்பவன் ஒவ்வோர் ஆட்டத்திலும் தன் பங்கை எடுத்துக்கொண்டால் அது குறையவே செய்யும். தறியில் எட்டு மணி நேரம் நின்றால் துணி விளையும். வயலில் நின்றால் நெல் விளையும். சீட்டு மேசையில் ஒன்றும் விளைவதில்லை. ஒருவன் பையிலிருந்தது மற்றொருவன் பைக்குப் போகிறது. இதனை நன்றாக மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

2. பகவன் எண்ணிச் சொன்ன ஆறு கேடுகள்

"பஞ்சசீலத்தில் சூது என்னும் சொல் இல்லையே" என்று சிலர் வாதிப்பதுண்டு. ஐந்து சீலத்தோடு பகவன் நிறுத்திவிடவில்லை. இராசகிருகத்து வேணுவனத்தில் தங்கியிருந்தபோது, ஆறு திசைகளையும் தொழுதுகொண்டு நின்ற சிகாலன் என்னும் இளைஞனுக்கு அவர் செய்த உபதேசம் தீக நிகாயத்தில் 31-ஆம் சூத்திரமாக உள்ளது. இல்லறத்தார்க்குரிய விநயம் என்று அதனைச் சான்றோர் போற்றுவர். அதிலே சூதினால் வரும் கேடுகள் ஆறு என்று பகவன் வகுத்தார். அவற்றின் பொருள் வருமாறு:

முதலாவது, வென்றவன் பகையைத் தேடிக்கொள்கிறான். இரண்டாவது, தோற்றவன் இழந்த பொருளை எண்ணி வருந்துகிறான். மூன்றாவது, கையிலுள்ள செல்வம் அழிகிறது. நான்காவது, சபையில் அவன் சொல் எடுபடுவதில்லை. ஐந்தாவது, நண்பரும் அதிகாரிகளும் அவனை இகழ்கின்றனர். ஆறாவது, அவனுக்குப் பெண் கொடுக்க எவரும் முன்வருவதில்லை.

இவ்வரிசையைக் கவனியுங்கள். பணம் அழிவது மூன்றாவதாகவே சொல்லப்படுகிறது. அதற்கு முன் உள்ள இரண்டும் மனத்தைப் பற்றியவை. அவ்விரண்டிலும் முதலில் நிற்பது வென்றவனுடைய கேடு. நாம் எல்லோரும் தோற்றவனுக்காகவே இரங்குகிறோம், வென்றவனை வாழ்த்துகிறோம். பகவனோ வென்றவனை முதலில் எச்சரிக்கிறார்.

திருவள்ளுவ நாயனாரும் இவ்வாறே செய்தார். கள்ளுண்ணாமைக்கு அடுத்து 94-ஆம் அதிகாரமாகச் சூதை வைத்த அவர், தோல்வியைக் கொண்டு அதைத் தொடங்கவில்லை. வெற்றியைக் கொண்டே தொடங்குகிறார்.

3. வென்றவனுக்கு வந்தது

வெற்றி எவ்வாறு கேடாகும்? நூலில் படித்ததைவிட நான் பட்டதைச் சொல்வதே நேர்மை.

பெங்களூர் ஆலை ஒன்றில் நூற்புப் பகுதியில் வேலை செய்த காலம். சம்பள நாளில் ஷிப்டு முடிந்ததும் குடியிருப்பின் பின்புறத்தில் நாங்கள் சீட்டு விரிப்போம். அன்று எனக்குக் கை ஓடியது. பக்கத்து இயந்திரத்தில் நின்று என்னோடு ஒரே தூக்குச் சட்டியில் உண்ட தோழரிடமிருந்து 1,400 ரூபாய் வென்றேன். அது அவர் சம்பள உறையில் பெரும்பகுதி. அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மகிழ்ச்சியால் வரவில்லை என்று எண்ணினேன். நான் திறமைசாலி, இத்தனை நாள் வீணாக நூல் ஒட்டிக்கொண்டிருந்தேன் என்றெல்லாம் மனம் பேசிற்று.

மறுநாள் காலை ஆலை வாயிலில் அவருடைய மனைவி இடுப்பில் குழந்தையோடு நின்றிருந்தார். என்னைக் கண்டதும், "அண்ணா, சம்பளம் கொடுத்துவிட்டார்களா?" என்று கேட்டார். "கொடுத்துவிட்டார்கள் அம்மா" என்றேன். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. நான் சொன்னது பொய்யன்று. ஆனால் அந்தப் பணம் அப்போது என் சட்டைப்பையில் இருந்தது. அவர் தலையசைத்துவிட்டுப் போனார்.

அதை அன்றே திருப்பிக் கொடுத்தேன் என்று எழுத எனக்கு ஆசைதான். நான் கொடுக்கவில்லை. நியாயமாக ஆடி வென்ற பணம் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். இரண்டு மாதம் கழித்துப் பாதியை, 700 ரூபாயை, அந்த அம்மையாரிடம் கொடுத்தேன். அதற்குள் அத்தோழர் என்னோடு உண்பதை நிறுத்திவிட்டார். பின் ஆலை மூடப்பட்டது, குடும்பங்கள் சிதறின, அவர்கள் எங்கு போனார்கள் என்று எனக்குத் தெரியாது. மீதிப் பாதி இன்றும் என் கடன். சிகாலனுக்குச் சொல்லப்பட்ட முதற் கேட்டைப் பிற்காலத்தில் படித்தபோது எனக்கு உரையாசிரியர் தேவைப்படவில்லை.

கோசல மன்னர் பசேனதிக்கும் மகத மன்னன் அஜாதசத்துவுக்கும் நடந்த போர்களைச் சங்யுத்த நிகாயம் கூறுகிறது. முதற்போரில் பசேனதி தோற்றார். அப்போது பகவன், வெற்றி பகையை விளைப்பதையும், தோற்றவன் துயரத்தில் உறங்குவதையும், இரண்டையும் விட்டவனே இனிது உறங்குவதையும் எடுத்துரைத்தார். அடுத்த போரில் பசேனதி வென்று அஜாதசத்துவை உயிரோடு பிடித்தார். மருமகன் என்று உயிரை விட்டு, யானை, குதிரை, தேர், காலாள் அனைத்தையும் பறித்துக்கொண்டார். அப்போதும் பகவன் வாழ்த்துக் கூறவில்லை. வென்றவனை வெல்ல ஒருவன் வருவான் என்னும் வினையின் சுழற்சியையே உணர்த்தினார். முற்காலத்து மன்னர்க்கும் நம் சனிக்கிழமை ஆட்டக்காரர்க்கும் உறக்கம் கெடுவது ஒரே காரணத்தால்தான்.

4. தோற்றவனுக்கு வருவது

நூற்பவர்க்கு ஒரு பாடம் தெரியும். இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போது ஓர் இழை அறும். அதை அமைதியாகப் பிடித்து ஒட்டவேண்டும். அறுந்ததே என்று ஆத்திரத்தோடு கையை நீட்டினால் பக்கத்து இழைகளும் அறுந்துபோகும். ஓரிழையில் முடிய வேண்டிய வேலை ஒரு பக்கம் முழுவதும் பரவும்.

போக்கர் ஆடுவோர் இந்நிலையை "டில்ட்" என்கிறார்கள். சாய்ந்துவிடுதல் என்று பொருள். ஒரு தோல்வியால் சாய்ந்தவன், அடுத்தடுத்து எண்ணாமல் பணம் கட்டி, முதல் தோல்வியைவிடப் பன்மடங்கு இழக்கிறான். அவனை வீழ்த்துவது முதல் இழப்பன்று. இழந்ததை இன்றே மீட்கவேண்டும் என்னும் வெறி.

சங்யுத்த நிகாயத்தில் பகவன் இதற்கோர் உவமை சொன்னார். ஒருவன்மீது அம்பு ஒன்று தைக்கிறது. உடனே இரண்டாம் அம்பு ஒன்றும் தைக்கிறது. முதல் அம்பு வந்த துன்பம். இரண்டாவது, அத்துன்பத்தை எண்ணிப் புலம்பிக் கலங்கும் மனத்தின் துன்பம். கற்றறிந்த சீடனுக்கு முதல் அம்பு மட்டுமே படும்.

மணிமேகலை இயற்றிய சாத்தனார் பன்னிரு சார்புகளுக்கும் அருமையான தமிழ்ப் பெயர்களைப் பதித்திருக்கிறார். அவற்றுள் ஊறு, நுகர்ச்சி, வேட்கை, பற்று என்னும் நான்கையும் நம் பாடத்தில் வைத்துப் பாருங்கள். சீட்டு கண்ணில் படுவது ஊறு. நெஞ்சு திடுக்கிடுவது நுகர்ச்சி. மீட்கவேண்டும் என்று எழுவது வேட்கை. கடன் வாங்கியேனும் ஆடுவேன் என்று பிடித்துக்கொள்வது பற்று. ஊற்றையும் நுகர்ச்சியையும் நாம் தடுக்க இயலாது. நுகர்ச்சிக்கும் வேட்கைக்கும் இடையே ஒரு சிறு வாயில் இருக்கிறது. அறுந்த இழையை நோக்கிக் கை நீளுமுன் ஒரு மூச்சு நிற்கிறோமே, அந்த அளவு. தம்மப் பயிற்சி முழுவதும் அவ்வாயிலில் நிற்கப் பழகுவதே.

இதுவரை சொன்னதைக் கேட்டு அவ்விளைஞர் மகிழலாம். "இதைத்தானே ஐயா நான் கேட்டேன்!" என்னலாம். சற்றுப் பொறுக்க.

5. உபேக்கை எது, எது அன்று

இலாபம், நட்டம், புகழ், இகழ், பழிப்பு, பாராட்டு, இன்பம், துன்பம் என்னும் எட்டும் உலக தம்மங்கள் என்று அங்குத்தர நிகாயம் கூறும். இவை யாவரையும் வந்தடையும். நல்லறிவுடைய சீடன், "இந்த இலாபம் வந்தது, இது நிலையாது, மாறும் இயல்புடையது" என்று காண்கிறான், நட்டத்தையும் அவ்வாறே காண்கிறான். ஆகவே அவன் மனத்தை இவை ஆட்கொள்வதில்லை. இதுவே சமநிலைக்கு அடிப்படை.

ஆனால், அன்பர்களே, உபேக்கை தனித்து வாழும் குணமன்று. மைத்திரி, கருணை, முதிதை, உபேக்கை என நான்காக அது போதிக்கப்பட்டது. எல்லா உயிர்க்கும் நலம் விழைவது மைத்திரி. பிறர் துன்பத்தில் உள்ளம் இளகுவது கருணை. பிறர் ஆக்கத்தில் தானும் மகிழ்வது முதிதை. இம்மூன்றும் முதிர்ந்த இடத்தில் நிற்பது உபேக்கை. மூன்றையும் கழித்துவிட்டு நான்காவதை மட்டும் எடுத்துச் செல்ல முற்பட்டால், கையில் வருவது உபேக்கை அன்று, கல்நெஞ்சம். வேட்டைக்காரனும் அசையாமல்தான் நிற்கிறான். கொக்கும் அசையாமல்தான் நிற்கிறது.

ஆகவே அவ்விளைஞர்க்கு நான் தரும் சோதனை இதுவே. அடுத்தமுறை மேசையில் அமரும்போது, எதிரே இருப்பவர் வென்றால் அவருக்காக மனமார மகிழ்ந்து பாருங்கள். அவர் தோற்றால், அவர் வீட்டு வாயிலில் காத்திருப்பவரை நினைத்து மனமார இரங்கிப் பாருங்கள். இரண்டும் உண்மையாக நிகழ்ந்தால், அவர் பணத்தை எடுக்க உங்கள் கை நீளுமா? நீளாது. நீள்கிறது என்றால், உள்ளே இருப்பது உபேக்கை அன்று. ஆசைக்குப் பணிசெய்யும் அமைதி அது. வாள் பிடிப்பவன் கைநடுக்கம் நீங்க மருந்து கேட்பது போன்றது அது. மருந்து நல்லதே, வாள் யாருக்காக?

தேர்ந்த ஆட்டக்காரர்கள் ஒரு நல்ல வார்த்தை சொல்வதுண்டு: வந்த முடிவைக் கொண்டு உன்னை மதிப்பிடாதே, நீ செய்த தீர்மானத்தைக் கொண்டு மதிப்பிடு என்று. இது தம்மத்துக்கு அருகில் வருகிறது. சேதனையே வினை என்றார் பகவன். ஆனால் அத்தீர்மானத்தை எங்கிருந்து எண்ணத் தொடங்குவது? சீட்டைக் கையில் எடுத்தபின் செய்தவற்றை மட்டும் எண்ணினால் போதாது. ஒன்றும் விளையாத மேசையில், நண்பனின் பொருளைக் கொள்ளும் எண்ணத்தோடு அமர்ந்தோமே, அதுவே முதல் தீர்மானம். அதையும் மதிப்பிடுக.

6. செய்யத்தக்கவை

கேள்வி கேட்டவரை வெறுங்கையோடு அனுப்பலாகாது. ஏற்கனவே ஆட்டத்தில் சிக்கியவர்க்கு என் அனுபவத்தாலும் நூலறிவாலும் சொல்லக்கூடியவை இவை:

அ. தோற்ற அன்றே மீட்க முனையாதீர். எழுந்து வெளியே வந்து நடங்கள். மூச்சைப் பத்துவரை எண்ணி, "இது நுகர்ச்சி, இது நான் அன்று" என்று உள்ளத்துக்குப் பெயர் சொல்லுங்கள். அது தானே எழுந்தது, தானே அடங்கும்.

ஆ. தோல்வியை விழுங்காதீர். இலித்த ஜாதகத்தில் ஒரு சூதாடி, தோற்கும் காய் விழும்போதெல்லாம் அதை வாயில் போட்டு மறைத்தான். எதிராளியாக இருந்த போதிசத்துவர் அவனுக்குப் புத்தி வரவேண்டிக் காய்களில் நஞ்சு தடவினார். அவன் அதையும் விழுங்கி மயங்கினான். பின் மருந்தூட்டி வாந்தி எடுக்கச் செய்து காப்பாற்றினார். இன்று நாம் இழப்பை மனைவியிடம் மறைப்பதும், தாயிடம் மறைப்பதும் அக்காயை விழுங்குவதே. மறைத்த இழப்பு நஞ்சாகிறது. அன்றிரவே வீட்டில் சொல்லிவிடுங்கள். திட்டுவார்கள், திட்டு முதல் அம்போடு போய்விடும்.

இ. வென்றிருந்தால், தோற்றவர் இன்னார் என்று தெரிந்திருந்தால், அவர் குடும்பத்தார் கையில் திருப்பிக் கொடுங்கள். அப்பணத்தை விகாரைக்குத் தானம் செய்து தூய்மைப்படுத்திவிடலாம் என்று எண்ணாதீர். நாளை செய்வோம் என்றும் ஒத்திப்போடாதீர். ஒத்திப்போட்டவன் எழுதுகிறேன்.

ஈ. சனிக்கிழமை இரவு வெறுமையாக இருந்தால் பழைய கால்கள் பழைய இடத்துக்கே நடக்கும். அந்நேரத்தில் நல்ல நண்பரோடு இருங்கள். நம் சபை வாசகசாலை அன்று இரவு திறந்தே இருக்கும்.

உ. நிறுத்த முயன்றும் முடியவில்லையெனில் அதை இழுக்கென்று எண்ணவேண்டாம். உலக சுகாதார நிறுவனம் இதனை நோய்களின் பட்டியலில் சேர்த்துள்ளது. பெங்களூர் நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் கைபேசிக்கும் இணைய ஆட்டங்களுக்கும் அடிமையானவர்க்கெனத் தனிப் பிரிவு 2014 முதல் ஏற்பட்டுள்ளது. கடனால் உயிரை விடும் எண்ணம் தோன்றினால் ஒரு நாழிகையும் தாமதியாமல் பக்கத்தில் இருப்பவரிடம் வாய்திறந்து சொல்லுங்கள். 14416 என்னும் அரசின் மனநல உதவி எண்ணை அழையுங்கள். எந்தக் கடனும் ஒரு மனித உயிரின் விலை ஆகாது. நாயனார் சூதுக்கு அடுத்த அதிகாரமாக மருந்தை வைத்திருப்பதை எண்ணி நான் ஆறுதல் கொள்வதுண்டு.

பணம் வைத்து ஆடும் இணையவழி ஆட்டங்களைத் தடைசெய்து 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. சட்டம் கடையை அடைக்கலாம். நண்பர் வீட்டு மாடியறையையும் நம் உள்ளத்தின் வேட்கையையும் நாமே அடைக்கவேண்டும்.

அவ்விளைஞர் அடுத்த ஞாயிறும் வந்தார். ஆட்டத்தை விட்டாரா என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. வகுப்பு முடிந்து பாயைச் சுருட்டும்போது, "அந்த 700 ரூபாய் இன்னும் உங்கள் கடன்தானா ஐயா?" என்று மட்டும் கேட்டார். "ஆம்" என்றேன். இருவரும் சேர்ந்து பாய்களை அடுக்கிவைத்தோம்.

மனனத்துக்குரிய வினாக்கள்

1. சூதின் ஆறு கேடுகள் யாவை? அவற்றுள் வென்றவனுக்குரியது ஏன் முதலில் நிற்கிறது?
2. ஊறு, நுகர்ச்சி, வேட்கை, பற்று: உம் வாழ்வில் இவ்வாரம் நிகழ்ந்த ஒரு செய்தியைக் கொண்டு விளக்குக.
3. இரண்டாம் அம்பு யாது? அதை எய்பவர் யார்?
4. மைத்திரி, கருணை, முதிதை இன்றி நிற்கும் அமைதியை உபேக்கை என்று ஏன் சொல்லலாகாது?
5. நீர் வென்று, மற்றொருவர் இழந்த பொருள் ஏதேனும் உம்மிடம் உண்டா? (இதற்கு விடையை எவரிடமும் சொல்ல வேண்டுவதில்லை.)

சகல உயிர்களும் துன்பம் நீங்கி நலம்பெறுக.

சாது! சாது! சாது!